விண்ணப்பமும் விவாகமும்

(ஸ்ரீமதுரையில் கூடிய நம் சங்கத்தின் குடும்ப மகாநாட்டில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணமுமன்று, வேதாந்தமுமன்று. சர்க்கார் காரியாலயங்களில் கொடுக்கும் விண்ணப்பத் தாளில் காணப்படும் சில சிறு கட்டங்களைப் பற்றியது. "விவாகம் ஆனவரா, ஆகாதவரா? கணவன் அல்லது மனைவியின் பெயர் யாது? மக்கள் எத்துணை பேர்? அவர்கள் வயது என்ன?" என்று அக்கட்டங்கள் வினவுகின்றன. இத்தகைய அற்ப விஷயத்திற்கு ஓர் உபந்நியாசமும் வேண்டுமோ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அக்கட்டங்களில் எழுதியவற்றாலும் எழுதாது விட்டவற்றாலும், தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாக நின்ற குடும்பங்களை இக்கூடலூர்ப் பக்கத்தில் அறியாதார் யார்? ஆதலின் இதனை அற்பமென்று தள்ளிவிடாமல் செவிசாய்க்குமாறு வேண்டிக்கொள்ளுகிறோம்.

சென்ற சில மாதங்களில் நம்மிடம் யோசனை கேட்க வந்தோர் பலர். ஒருவருடைய மகன் கனடாவில் நிரந்தர வாசம் கோரி விண்ணப்பித்திருக்கிறான். இதற்கிடையே பெண் நிச்சயமாயிற்று, முகூர்த்தமும் குறித்தாயிற்று. "விசா கைக்கு வரும் வரையில் கல்யாணத்தைச் சொல்லாமல் இருந்துவிடலாமா?" என்பது அவர் வினா. மற்றொருவருடைய உறவினர் இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கிறார். பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்த பின்னர் அவருக்கு ஒரு குழந்தை பிறந்தது. "அக்குழந்தையின் பெயரைச் சேர்க்கப் போனால் மனு முழுவதும் தள்ளுபடியாகிவிடுமோ?" என்பது இவர் அச்சம். இவ்விருவருக்கும் நாம் தனித்தனியே கூறிய விடையையே இன்று எல்லாருக்கும் பொதுவாகக் கூற முன்வந்தோம்.

விண்ணப்பம் என்பது யாது? ஒரு குடும்பத்தை ஒரு குறித்த நாளில் எடுத்த புகைப்படம் போன்றது அது. படத்தில் உள்ளவர்கள் அசையாமல் நிற்பார்கள். வீட்டில் உள்ளவர்களோ அசையாமல் நிற்பதில்லை. விண்ணப்பம் பரிசீலனையில் கிடக்கும் மாதங்களிலும் வருஷங்களிலும் விவாகம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது, பெரியவர் ஒருவர் காலமாகிறார், சிறுவன் வயது வந்தவனாகிறான், சிலவிடத்துத் தம்பதிகள் பிரிவதும் உண்டு. முடிவு கூறும் உத்தியோகஸ்தர் முன்னிருப்பதோ பழைய படம். படத்துக்கும் வீட்டுக்கும் உள்ள இந்த வேற்றுமையை யார் சரிசெய்வது? விண்ணப்பித்தவரே சரிசெய்ய வேண்டும். காரியாலயம் நம் வீட்டு வாசலில் வந்து பந்தல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இதனை நம் முன்னோர் எத்துணை விலை கொடுத்துக் கற்றனர் என்பதைச் சிறிது நோக்குவோம். இலங்கை சுதந்தரம் பெற்ற 1948ஆம் வருஷத்திலேயே அங்கே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சத்தார் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த வருஷம், அதாவது 1949ல், இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் என்பதொன்று பிறந்தது. அதில் ஒரு விதியைக் கவனியுங்கள். விவாகமானவர் 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் 7 வருஷம் இடைவிடாது அங்கே வசித்திருக்க வேண்டும். விவாகமாகாதவரும், துணையை இழந்தவரும் 10 வருஷம் வசித்திருக்க வேண்டும். ஒரு தாலிக் கயிறு மூன்று வருஷக் கணக்கை மாற்றியது! அன்றியும், மனைவியும் சிறு குழந்தைகளும் அங்கேயே தொடர்ந்து வசித்து வந்தனர் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. பிரசவத்துக்கென்று மனைவியைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பி வைத்தவரும், ஊரில் பெற்றோரைக் காண மனைவி மக்களை விட்டு வந்தவரும் இவ்விதியின் முன் தடுமாறினர்.

1951 ஆகஸ்டில் முடிந்த அவகாசத்துக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர் எட்டு லட்சத்துக்கு மேல். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த விசாரணையின் முடிவில் உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. சட்டத்தின் கடுமையே இதற்குத் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், லயத்துக் கல்யாணங்கள் பதிவாகாமல் இருந்ததும், செக்ரோலில் ஒரு பெயரும் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு பெயருமாகக் கணக்கப்பிள்ளைமார் எழுதி வைத்ததும், நம்மவர் கையிலிருந்த வழக்கைப் பின்னும் பலவீனப்படுத்தின.

அடுத்து வந்தது 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக அவர்களும் செய்த ஒப்பந்தம். அப்போது கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தீர்மானித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ல் செய்த மற்றோர் உடன்பாட்டில் இரு நாடுகளும் பப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திர பண்டங்களைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டதைப் பற்றி இங்கே நாம் விரிக்கப் போவதில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்று. ஒப்பந்தத்திலேயே "இயற்கைப் பெருக்கம்" என்ற சொல் இடம் பெற்றிருக்கிறது. அதாவது, ஒப்பந்தத் தேதிக்குப் பின் பிறக்கும் குழந்தைகளும் தத்தம் பெற்றோரோடு கணக்கில் சேர வேண்டும் என்பது. குடும்பம் நின்ற இடத்தில் நிற்காது என்பதை ஒப்பந்தம் எழுதியவர்களே அறிந்திருந்தனர். அறிந்தும், ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்ந்த மாறுதல்களைத் தாள்கள் தொடர்ந்து பிடிக்க முடியவில்லை.

விண்ணப்பங்கள் 1968 முதல் 1970 ஏப்ரல் வரையில் வாங்கப்பட்டன. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர் சுமார் ஏழு லட்சம் பேர். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் சுமார் நான்கு லட்சம் பேர். தந்தை ஒரு நாட்டுக்கும், வயது வந்த மகன் மற்றொரு நாட்டுக்கும் விண்ணப்பித்த வீடுகள் உண்டு. விண்ணப்பித்த நாளுக்கும் தலைமன்னாரில் கப்பலேறும் நாளுக்கும் இடையே பல வருஷங்கள் கழிந்தன. புனர்வாழ்வு உதவி வேண்டியவர்களுக்குக் கண்டியில் குடும்ப அட்டை ஒன்று வழங்கினர். அதில் இன்னின்னார், இன்ன வயதினர், இன்ன உறவினர் என்று எழுதியிருக்கும். அந்த அட்டைதான் மண்டபத்தில் இறங்குவதற்கும், தோட்ட வேலைக்கும், பின்னர்ச் சாதிச் சான்று கேட்பதற்கும் ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1968ல் நம் மாவட்டத்தில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமும், அதிலிருந்து வளர்ந்து 1976 முதல் கார்ப்பொரேஷனாக நடைபெறும் டான்டீயும், இவ்வாறு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டே ஏற்பட்டவை என்பதை நீங்கள் அறிவீர்கள். சேரம்பாடி, நெல்லியாளம், தேவாலா முதலிய இடங்களின் லயங்களில் இன்றும் அந்த அட்டையைப் பெட்டியடியில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்போர் உளர்.

நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லுகிறோம். அக்குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர் நம் சங்கத்து அங்கத்தினர். அவர் அனுமதி பெற்றே, பெயர் கூறாமல், இதனைச் சொல்லுகிறோம். அவர் தந்தை 1970ல் தம் மனைவி மக்களோடு இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். மூத்த மகளுக்கு அப்போது பதினைந்து வயது. காத்திருந்த காலத்தில் அப்பெண் வளர்ந்தாள். 1975ல் பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு அவளை மணம் செய்து கொடுத்தனர். பையன் வீட்டாரோ இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள். இரண்டு தோட்டமும் ஒரே மலையில், ஒரே ஓடைக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தன. அதனால் தூரம் ஒன்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை. கல்யாணத்தை எழுதி அறிவிக்க வேண்டுமோ என்று தந்தை விசாரித்தபோது, "ஒன்றும் சொல்ல வேண்டாம், சொன்னால் உங்கள் முறை தள்ளிப் போய்விடும்" என்று அருகிலிருந்தோர் புத்தி சொன்னார்கள். அவரும் வாளாவிருந்தார்.

அடுத்த வருஷம் பயணத் தேதி வந்தது. தாள்களில் அப்பெண் இன்னும் விவாகமாகாத மகள். நேரிலோ அவள் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. கணவனை விட்டுப் பெற்றோருடன் புறப்படுவதா, பெற்றோரை விட்டுக் கணவனுடன் தங்குவதா என்ற வினாவுக்கு நாலு நாளில் விடை கூற வேண்டியதாயிற்று. அவள் தங்கினாள். மற்றவர்கள் இராமானுஜம் கப்பலில் ஏறி இராமேசுவரம் வந்து, கூடலூர் சேர்ந்தனர். 1977ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் அப்பெண்ணும் கணவனும் மலைநாட்டை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறினர். யுத்தம் மூண்டபின், 1984ல், பச்சைக் குழந்தையாயிருந்த மூத்த மகன் எட்டு வயதுப் பையனாக, மூவரும் தோணியில் இராமேசுவரத்தில் இறங்கினர். எட்டு வருஷத்துக்கு முன் உரிமையுள்ள மகளாக இறங்கியிருக்க வேண்டிய அதே கரையில் அகதியாக இறங்கினாள். தகப்பன் வீட்டுக்கு வரவும் முகாமில் அனுமதி கேட்டே வர வேண்டியிருந்தது. தாயின் கடைசிக் காரியத்துக்கு அவள் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள்.

கல்யாணத்தை அன்றே அறிவித்திருந்தால் யாவும் நேராகியிருக்கும் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம். கணவன் வீட்டார் விண்ணப்பம் வேறு நாட்டுக்கு ஆனது. அந்தச் சிக்கல் எளிதில் அவிழ்வதன்று. ஆயினும், அறிவித்திருந்தால் அந்தச் சிக்கல் அக்குடும்பத்தின் கண்ணுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே தெரிந்திருக்கும். இருவர் விண்ணப்பமும் ஒரே நாட்டுக்கு ஆகுமாறு ஏதேனும் வழி உண்டா என்று கேட்கவாவது காலம் இருந்திருக்கும். மௌனத்தினால் அவர்கள் இழந்தது அந்தக் காலத்தை.

கதை அங்கே முடியவில்லை. முகாமில் அப்பெண்ணுக்கு 1986ல் ஒரு மகளும் 1989ல் ஒரு மகனும் பிறந்தனர். நம் தேசத்துச் சட்டத்தைப் பாருங்கள். 1955ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியப் பிரஜை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன் வரையில் பிறந்தவருக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாயிருக்க வேண்டும். அதன் பின்னர்ப் பிறந்தவருக்கு ஒருவர் பிரஜையாயிருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவர் என்ற வகையில் அடங்காதவராகவும் இருக்க வேண்டும். ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த மூவருள், இலங்கையில் பிறந்த மூத்தவன் ஒரு நிலையில், 1986ல் பிறந்த மகள் சட்டப்படி பிரஜையாக, 1989ல் பிறந்த மகன் பிரஜையல்லாதவனாக நிற்கின்றனர். தாய் மாத்திரம் 1976ல் உரிமையோடு கரை சேர்ந்திருந்தால் கடைசி மகனைப் பற்றி வினாவே எழுந்திராது. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதன் பலன் இரண்டாந் தலைமுறையைத் தொட்டதைக் கவனித்தீர்களா?

ஒப்பந்தக் காலம் 1981 அக்டோபரோடு முடிந்தது. 1984ல் கப்பலும் நின்றது. பிரஜைகளாகப் பதிவு பெற்றும் வர இயலாமல் அங்கே தங்கியவர் பல்லாயிரவர். இலங்கை சர்க்கார் 1988லும் 2003லும் இயற்றிய சட்டங்களால் அங்குள்ளோர் குறை பெரும்பாலும் தீர்ந்தது. 2003ஆம் வருஷச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வசித்தவர்க்கும் அவர் சந்ததியார்க்கும் உரிமை வழங்கியது. இங்கே முகாம்களில் உள்ள இந்திய வம்சத்தாரின் நிலைதான் இன்னும் தீராமல் இருக்கிறது. 2019 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, இத்தகையோர் மனுக்களைக் கலெக்டர் மூலம் பெற்று மத்திய சர்க்கார் பரிசீலிக்க வேண்டுமென்றும், அவர்களைச் சட்ட விரோதக் குடியேறிகள் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடலாகாதென்றும் தீர்ப்பளித்தது. 2021ல் தமிழ்நாட்டு சர்க்கார் இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது. பெயர் மாறினும் மனு நீண்டுகொண்டே போகிறது. மனு நீளுந்தோறும் குடும்பம் மாறுகிறது. ஆதலின் முகாமில் உறவினர் உடையோர் இன்றைய உபந்நியாசத்தைத் தமக்கென்றே கொள்க.

இவர்கள் அறிய வேண்டிய இரண்டொரு ஷரத்துக்களைச் சொல்லுகிறோம். இந்திய வம்சத்தவர் என்ற முறையில் பதிவு கேட்பது ஒரு ஷரத்து. இந்தியப் பிரஜையை மணந்தவர் என்ற முறையில் கேட்பது வேறொரு ஷரத்து. பிரஜைகளுடைய வயது வராத மக்கள் என்ற முறையில் கேட்பது மற்றுமொன்று. முதல் இரண்டிற்கும் இந்தியாவில் 7 வருஷ வாசம் வேண்டும். முதல் ஷரத்தின் கீழ் மனுக் கொடுத்தவள் பின்னர் நம் ஊர்ப் பையனை மணந்தால், அவளுக்கு இரண்டாவது வாயிலும் திறக்கக்கூடும். அதனை அறிவிக்காமல் இருப்பது தன் கையிலுள்ள சாவியைத் தானே கிணற்றில் எறிவதாகும். மறைப்பதனால் வரும் கேடும் சிறிதன்று. பொய் கூறியோ, முக்கியமான செய்தியை மறைத்தோ பெற்ற பதிவை சர்க்கார் பின்னர்ப் பறிக்கலாம். தெரிந்தே பொய்யுரைத்தோர்க்கு 5 வருஷம் வரையில் சிறையும், 50,000 ரூபாய் வரையில் அபராதமும் விதிக்க அச்சட்டத்திலேயே இடமுண்டு.

இனி, கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். தேசந்தோறும் சட்டம் வேறு, நெறி ஒன்றே.

கனடா தேசத்து விதி இது: நிரந்தர வாச விசா பெற்றவர் அந்நாட்டில் இறங்கும்போது, விசா கிடைத்த பின் தமக்கு விவாகம் ஆயிற்றா, அல்லது இருந்த விவாகம் நீங்கிற்றா என்பதை அங்குள்ள உத்தியோகஸ்தரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கியவன் பின்னர் மனைவியை அழைக்க விண்ணப்பித்தால், "நீ குடியேறிய நாளில் இவளைக் காட்டவில்லை, இவளைப் பரிசோதிக்க எமக்கு வாய்ப்பும் அளிக்கவில்லை, ஆதலின் குடும்ப வகுப்பில் இவள் உன் மனைவியாகக் கருதப்படாள்" என்று அவ்விதி தடுக்கிறது. மக்களுக்கும் இதுவே. 2019 முதல் ஒரு தாற்காலிகச் சலுகை ஏற்பட்டதுண்டு; அஃது எல்லார்க்கும் உரியதன்று. சலுகையை நம்பிக் குற்றம் செய்வது, வைத்தியன் இருக்கிறான் என்று விஷம் குடிப்பதை ஒக்கும்.

ஆஸ்திரேலியாவிலும், விண்ணப்பித்த பின் நிலைமை மாறினால் இயன்ற விரைவில் எழுதி அறிவிப்பது விண்ணப்பதாரரின் கடமையென்று குடியேற்றச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்கெனத் தனிப் படிவமும் உண்டு.

அமெரிக்காவின் நிலை பின்னும் கவனிக்கத்தக்கது. அங்கே நிரந்தர வாசியாயுள்ள தந்தை, விவாகமாகாத வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ மனுக் கொடுக்கலாம். அம்மகன் காத்திருக்கும் காலத்தில் மணந்துகொண்டால் அம்மனு அன்றே செல்லாதாகிறது. பின்னர்த் தந்தை அந்நாட்டுப் பிரஜையானாலும் இறந்த மனு உயிர் பெறுவதில்லை. புதிதாகவே தொடங்க வேண்டும். தந்தை முன்னமே பிரஜையாயிருந்தால் மனு சாகாது. ஆனால் இன்னும் நீண்ட வேறு வரிசைக்குப் போய்விடும். 21 வயது நிரம்பும் பிள்ளைகளுக்கும் வரிசை மாறும். இதனால் வரும் இன்னலைக் குறைக்க 2002ல் அங்கே தனிச் சட்டம் செய்தனர். அப்படியும் ஒவ்வொருவர் கணக்கையும் தனியே பார்த்தல் வேண்டும்.

இதைக் கேட்டவுடன் உங்களுள் ஒருவர், "அப்படியானால் உண்மையைச் சொன்னால் முறை போய்விடுகிறதே! மறைப்பதுதானே புத்தி?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இதற்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும். சிலவிடத்து உண்மையைச் சொல்வதனால் நஷ்டம் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நஷ்டத்தை உண்டாக்குவது அறிவிப்பு அன்று, நடந்த விவாகமே. அமெரிக்க மனு செல்லாதாவது தாலி கட்டிய அன்று. கடிதம் எழுதிய அன்று அன்று. மறைத்து வாங்கிய விசா, ஓட்டைப் படகு போன்றது. கரையில் நிற்கும்போது நன்றாகவே தோன்றும். நடுக்கடலில்தான் ஓட்டை தெரியும். அப்போது படகில் மனைவியும் குழந்தையும் ஏறியிருப்பர். ஆகவே யோசிக்க வேண்டிய இடம் முகூர்த்தத்துக்கு முன். மறைக்க வேண்டிய இடம் ஒன்றுமில்லை. "பையனுக்கு எந்த தேசத்தில் என்ன மனு நிலுவையில் இருக்கிறது? எந்த வகுப்பில்? விவாகத்தால் அது மாறுமா?" என்ற கேள்விகளைப் பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டல் வேண்டும். சாதகம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், மனுவையும் பார்ப்போம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பது நம்மவர் வழக்கில் உள்ள பழமொழி. ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதே அதன் உண்மைப் பொருள் என்று விளக்குவோரும் உளர். இக்காலத்துக்கு இரண்டாவது பொருளே பொருந்தும். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம். ஆயிரத்தோராவது பத்திரிகை மனு நிலுவையிலிருக்கும் காரியாலயத்துக்குப் போகட்டும்.

தாய்மார்களே! உங்களிடம் தனியே ஒரு வார்த்தை. விவாகத்தை மறைப்பதால் முதலில் பாதிக்கப்படுபவர் யார்? விசா பெற்ற பையன் விமானம் ஏறிவிடுகிறான். தாள்களில் இல்லாத மனைவிதான் தாய் வீட்டில் தங்குகிறாள். "ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்வான்" என்பார்கள். ஆறு மாதம் ஆறு வருஷமாகும். பிள்ளை பிறந்தால் தந்தையின் விண்ணப்பத்தில் அதன் பெயரும் இருக்காது. மறைப்பதற்கு அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. பாரம் மாத்திரம் அவளுக்கு. ஆகவே உங்கள் பெண்ணின் பெயர் தாளில் ஏறிய பின்னரே பையன் கப்பலோ விமானமோ ஏறட்டும் என்று நீங்கள் உறுதியாகச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது மருமகனை அவமதிப்பதாகாது.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, மாறுதலுக்குச் சாட்சி வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி எந்த மதத்தினர் விவாகமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். தவறினால் மேலும் 60 நாட்களுக்குள் அதிகக் கட்டணம் செலுத்திப் பதியலாம். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றே பல காரியங்களுக்கு முதன்மையான ஆதாரமாகிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, பெயர் எழுத்து. தந்தை பெயர், முதலெழுத்து, ஊர் ஆகியவை எல்லாத் தாள்களிலும் ஒரே வகையாக இருக்கட்டும். பழைய குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றில் வேறு விதமாகவும் இருப்பின், அதைத் திருத்தும் முயற்சியை இன்றே தொடங்குங்கள். விசாரணை நாளன்று விளக்கம் சொல்லலாம் என்று விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

மூன்றாவது, மாறுதல் நிகழ்ந்தவுடன் எழுத்து மூலம் அறிவித்தல். வாய்மொழி காற்றோடு போம். விண்ணப்ப எண், விண்ணப்பதாரர் பெயர், நிகழ்ந்த மாறுதல், அதன் தேதி, இணைத்துள்ள சான்று ஆகிய ஐந்தும் அடங்கிய சிறு கடிதம் போதும். தபாலில் அனுப்பினால் ரிஜிஸ்தர் செய்து ரசீதை வையுங்கள். இணையத்தின் வழியாக அனுப்பினால் ஒப்புகையை அச்சிட்டு வையுங்கள்.

நான்காவது, விவாகமும் பிறப்பும் மாத்திரமே மாறுதல் என்று கருதலாகாது. மரணம், விவாகரத்து, தத்து எடுத்தல், பிள்ளை வயது வந்தவனாதல், விலாசம் மாறுதல் யாவும் மாறுதலே. குடும்பத் தலைவர் பெயரில் மனு இருந்து அவர் காலமானால், துக்கத்தினிடையே அதை நினைப்பார் இலர். பதினாறாம் நாள் காரியம் முடிந்தவுடனாவது யாரேனும் ஒருவர் நினைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, புத்தி சொல்பவர் யார் என்று பாருங்கள். மறைக்கச் சொல்லும் தரகர் கையெழுத்திடுவதில்லை, கையெழுத்திடுபவர் நீங்களே. தெரியாத தாளில், வெற்றுக் கட்டங்கள் உள்ள தாளில், கையொப்பம் வைக்க வேண்டாம். முன்னமே தவறு நேர்ந்திருந்தால், அதைத் தாமே முன்வந்து திருத்துவது, பிறர் கண்டுபிடிப்பதினும் நூறு மடங்கு மேல். அந்நிலையில் உள்ளவர் தேர்ந்த வக்கீல் ஒருவரிடம் உள்ளபடி சொல்லி, எழுதும் முறையைக் கேட்டறிக.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்தில் சந்தாக் கணக்கு இருக்கிறது. நன்கொடைக் கணக்கு இருக்கிறது. குடும்பக் கணக்கு ஒன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் எந்த மனு எந்த நாளில் எங்கே கொடுக்கப்பட்டது என்பதை, விரும்புவோர் மாத்திரம், அதில் பதிந்து வைக்கலாம். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ சங்கத்துக்கு அழைப்பு வரும்போது, காரியதரிசி அப்பதிவேட்டைப் பார்த்து, "உங்கள் மனுவுக்கு எழுதியாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். 1975ல் அத்தோட்டத்து லயத்தில் அந்த ஒரு வார்த்தை கேட்க ஒருவர் இருந்திருந்தால்!

நாம் மேலே சொன்ன அந்த அம்மையார் இன்றும் முகாமில் இருக்கிறார். வயது எழுபதை எட்டிவிட்டது. சென்ற தை மாதத்தில் அவர் பேத்திக்கு விவாகம் நடந்தது. மணமேடையிலிருந்து இறங்கியவுடன் அவர் பேத்தியிடம் கேட்டது, "கண்ணு, இதை எழுதிப் போட்டாயிற்றா?" என்பதே. எழுதிப் போட்டாயிற்று என்று பேத்தி ரசீதைக் காட்டினாளாம். அந்த ரசீது அவ்வம்மையாருக்கு என்ன பொருளுடையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் வீடுகளிலும் அந்தக் கேள்வி ஒரு வழக்கமாகட்டும் என்று வேண்டுகிறோம்.